மருந்து இல்லாத எண்ணெய்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களிடம் மிஷின்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எதை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவற்றில் பாதிக்கு எனக்குப் பெயர்கூடத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கைகள்தான். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் பிசியோதெரபி கிளினிக் இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், தேங்காய்த்திட்டுக் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வருகிற பெண்கள், தையல்காரர்கள், பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள், எல்லாரும் அந்தக் குறுகலான படியில் வலிக்கிற கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் இன்றைக்குச் சொல்கிறேன். "உங்கள் வலி மனசில்தான் இருக்கிறது" என்ற வாக்கியம் கொஞ்ச நாளில் உங்கள் நாக்கின் நுனிக்கும் வரும். வருவதற்கு முன்னால் இதைக் கேட்டு வையுங்கள்.

அவர் பெயர் அப்துல் காதர். எல்லாருக்கும் காதர் பாய். முல்லா வீதிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். நான் முதலில் பார்த்தபோது வலது கையைக் கட்டம்போட்ட துண்டில் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தார். போதாததற்கு இடது கையால் முழங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டிருந்தார். பிறந்த குழந்தையை முதல் தடவை கையில் வாங்குகிற ஆண்கள் நிற்பார்களே, அப்படி. கூடவே அவர் மனைவி மும்தாஜ், ஸ்கேன் ரிப்போர்ட் இருந்த பிளாஸ்டிக் பையோடு வந்திருந்தார்.

"உள்ள நாரு கிழிஞ்சிருக்குதாம் மேடம்," என்றார் காதர் பாய். "இதுக்கு மேல ஆட்டுனா அறுந்துடுமாம். அறுந்துட்டா கை அவ்ளோதானாம்."

"யார் சொன்னாங்க?"

"ஸ்கேன் எடுத்த எடத்துல ரிப்போர்ட்ட குடுத்தவரு."

"எலும்பு டாக்டர் என்ன சொன்னார்?"

மும்தாஜ் குறுக்கே வந்தார். "அவரு மாத்திர எழுதிட்டு, டென்னிஸ் எல்போன்னாரு. இவங்க டென்னிஸ டிவியிலகூட பாத்ததில்ல மேடம்."

காதர் பாய் சிரிக்கவில்லை.

நான் கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். தோள், முழங்கை, மணிக்கட்டு, ஒவ்வொரு விரலின் உணர்ச்சி, எல்லாம் பார்த்தேன். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். உடம்பை முழுதாகப் பார்த்து முடித்த பிறகுதான் மனதைப் பற்றி வாய் திறக்கும் உரிமை நமக்கு வருகிறது. கழுத்து நரம்பு நசுங்கியிருக்கிறவரிடம் போய் "கவலைப்படாதீர்கள், சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினால் அதற்குப் பெயர் ஆறுதல் இல்லை. காதர் பாய்க்கு நரம்பில் ஒன்றும் இல்லை. முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பு முனையில் விரல் வைத்தால் துள்ளினார். வருஷக்கணக்கில் மாவை அடித்து வீசுகிற கைக்கு வருகிற சாதாரண வலி. ரிப்போர்ட்டில் இருந்த அந்தக் கிழிசலும் அவர் வயதில், அவர் மாதிரி வேலை செய்கிறவர்களிடம் வலியே இல்லாமலும் இருக்கக் கூடியதுதான்.

அதை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். முடித்ததும் கேட்டார்: "ஆனா கிழிஞ்சிருக்குதுல்ல மேடம்?"

"எந்தக் கையால சாப்பிடறீங்க பாய்?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். மும்தாஜ்தான் பதில் சொன்னார்.

"இடது கையால சாப்பிட மாட்டாங்க. வலது கைய தூக்க மாட்டாங்க. நான்தான் ஊட்டி வுடறேன்."

நூறு பேர் பசியோடு உட்கார்ந்திருக்கும் ஹோட்டல் வாசலில் நின்று பரோட்டாக் கல்லை ஆண்டவர் அவர். தொழும்போது அந்தக் கையை ஊன்றி எழப் பயந்து நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார் என்பதும் அப்புறம் தெரிந்தது. வலியை முந்திக்கொண்டு பயம் கையைப் பூட்டி வைத்திருந்தது. பூட்டி வைத்த கை மெலிய ஆரம்பித்திருந்தது. மெலிந்த கையை அசைத்தால் இன்னும் வலித்தது. அந்த வலியைப் பார்த்து, "இதோ அறுகிறது" என்று அவர் நினைத்தார்.

ஹோட்டலில் அவர் இடத்தில் விழுப்புரத்திலிருந்து ஒரு மாஸ்டரைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். நோன்பு மாசத்தில் கடையை மூடி மராமத்து பார்ப்பது வழக்கம். பெருநாள் கழித்துத் திறக்கும்போது கல்லுக்கிட்ட காதர் நிற்க வேண்டும், இல்லையென்றால் விழுப்புரத்துக்காரர்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. பரோட்டா இல்லாமல் அந்தக் கடை எப்படி நடக்கும்?

ஆரம்பத்தில் எங்கள் வைத்தியம் எதுவும் எடுபடவில்லை. வலிக்கிற இடத்தில் அல்ட்ராசவுண்ட் மிஷின் வைத்தோம். முன்கையில் பட்டை கட்டினோம். சின்னச் சின்னப் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தோம். என் எதிரில் செய்வார். வீட்டுக்குப் போனதும் துண்டில் கட்டிவிடுவார். நோன்பு தொடங்கிவிட்டது. நாள் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் துண்டு இல்லாமல் படியேறி வந்தார். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சாதாரணமாக. என் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை வலது கையால் நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் பாட்டிலையும் அவரையும் பார்த்தேன்.

"எண்ணெ மேடம்," என்றார் வெட்கத்தோடு. "இவ கொண்டாந்தா."

வில்லியனூர் பக்கம் யாரோ ஒரு வைத்தியரிடம் மும்தாஜ் வாங்கி வந்திருந்தார். பச்சை நிறத்தில் ஒரு பாட்டில். தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் தேய்க்க வேண்டும். வேறு யாரும் தேய்க்கக் கூடாது, வீட்டுக்காரம்மாதான் தேய்க்க வேண்டும். தேய்த்து முடிகிற வரைக்கும் விரல்களை விரித்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும். "கிழிஞ்ச நாரு ஒட்டிக்கும்னாரு" என்றார் மும்தாஜ்.

நான் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தேய்த்து முடித்ததும் அந்தச் சூட்டோடு நம் பயிற்சிகளையும் செய்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் செய்தார். ஒவ்வொரு தடவை வரும்போதும் பிடி இறுகிக்கொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில் எங்களிடம் பிரபு என்று ஒரு தம்பி வேலை பார்த்தான். படிப்பில் கெட்டிக்காரன். நோயாளிகளை ஏமாற்றுகிறவர்கள் மேல் அவனுக்கு நியாயமான கோபம் உண்டு. ஒருநாள் நான் வெளியூர் போயிருந்தபோது காதர் பாய் அந்தப் பாட்டிலையே கொண்டு வந்து அவனிடம் காட்டியிருக்கிறார். பெருமையாகத்தான். பிரபு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்திருக்கிறான்.

"வேப்பெண்ணெ, கற்பூரம், கொஞ்சம் கலர். இதுல ஒண்ணுமே இல்ல பாய். நாரெல்லாம் இதால ஒட்டாது. நீங்க நம்புனீங்க, வலி கொறஞ்சிடுச்சு. எல்லாம் மனசுதான்."

நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தான். உங்கள் கையில் பெரிய கோளாறு எதுவும் இல்லை என்பதுதான் அவன் சொல்ல வந்தது. சொல்லிவிட்டு அடுத்த கட்டிலில் இருந்தவரைப் பார்க்கப் போய்விட்டான்.

மறுநாள் மும்தாஜ் தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நேத்துலேர்ந்து மறுபடியும் கைய கட்டிக்கிட்டாங்க. தேய்க்கப் போனா தொட வுட மாட்றாங்க. என்னமோ கேட்டேன், 'அப்ப இத்தன நாளா நான் நடிச்சேனா'ன்னாங்க. அதோட சரி. பேச்சே இல்ல."

எல்லாம் மனசுதான் என்ற வார்த்தை அதற்குள் மராமத்து நடந்துகொண்டிருந்த ஹோட்டல் வரைக்கும் போய்விட்டிருந்தது. காதர் பாயே அங்கே பழக்கமான ஒருவரிடம் மனம் விட்டுச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் அதை மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். பாய்க்குக் கை வலி இல்லையாம், மனசு வலியாம். வேலை செய்ய விருப்பம் இல்லாதவர் என்று அவரை இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு பேச்சு அவரைப் படுக்க வைத்துவிட்டது.

"மேடம், நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க," என்றார் மும்தாஜ். "அந்த எண்ணெய்ல மருந்து இருக்குன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க. பொய்யா இருந்தாலும் பரவால்ல. பெருநாளு வரைக்குமாவது."

பிரபு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. "நானே வர்றேன் மேடம். அதுல ஏதோ மூலிகை இருக்கு, நான்தான் தெரியாம பேசிட்டேன்னு சொல்லிடறேன்."

இப்படி ஒரு சமயம் உங்களுக்கும் வரும். ஒரு சின்னப் பொய் சொன்னால் ஒருவர் கை நிமிரும், வேலை நிலைக்கும், ஒரு குடும்பம் மூச்சு விடும். எதிரில் நிற்கிற பெண்ணே அந்தப் பொய்யைக் கேட்கிறார். சொல்லாமல் இருப்பதற்கு என்ன நியாயம்? சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி மும்தாஜை அனுப்பினேன்.

அன்று மத்தியானம் முழுவதும் அதையேதான் யோசித்தேன். பொய் வேலை செய்யும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெருநாள் கழித்து ஹோட்டலில் இன்னொருவர் அந்தப் பாட்டிலை முகர்ந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஏற்கெனவே மூன்று பேர் அவர் கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் கிழிந்திருக்கிறது என்றார். இன்னொருவர் ஒட்டிக்கொள்ளும் என்றார். பிரபு ஒன்றுமே இல்லை என்றான். நான்காவதாகச் சொல்லப்போகிறவள் நான். என் வார்த்தையும் உடைந்துபோனால், அதற்கப்புறம் அவர் யாரிடம் கையைக் கொடுப்பார்? பிரபு கூட வருகிறேன் என்றான். இன்றைக்கு வேண்டாம் என்றேன்.

அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். முல்லா வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இரண்டு அறை வீடு. உள்ளே நோன்புக் கஞ்சி கொதிக்கிற வாசனை. காதர் பாய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை துண்டுக்குள். என்னைப் பார்த்ததும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இடது கையால் எனக்குத் தள்ளிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். மரியாதையில் எந்தக் குறையும் இல்லை. முகம் மட்டும் மூடியிருந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் மேடம்," என்றார். "என் வலி நெசமா, பொய்யா?"

"நெசம்."

"அந்தத் தம்பி மனசுன்னாரே."

"நீங்க சொல்லுங்க பாய். ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி வலி இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரொம்ப நாளா இருந்துச்சு."

"அப்ப வேலைக்குப் போனீங்களா?"

"போனேன். மாவு பெசைஞ்சேன், வீசுனேன். தைலத்த தடவிக்கிட்டு போவேன்."

"ரிப்போர்ட் வந்த மறுநாள்?"

அவர் யோசித்தார். "கைய தூக்க முடியல."

"ஒரே ராத்திரியில உள்ள அவ்வளவு மாறிடுச்சா?"

மும்தாஜ் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றார்.

"கிழிஞ்சிருக்கு, அறுந்துடும்னு ஒருத்தர் சொன்னாரு," என்றேன். "அத கேட்டா யாருக்கும் பயம் வரும். எனக்கு வந்திருந்தா நானும் கைய கட்டிக்கிட்டுதான் உக்காந்திருப்பேன். பயந்தா சதை இறுகும், இறுகுனா வலி ஏறும். நீங்க நடிக்கல. வலிய நீங்க வரவழைக்கல. அது நெசமாவே ஏறுச்சு. அதே மாதிரி, நாரு ஒட்டிக்கும்னு இன்னொருத்தர் சொன்னதும் பயம் எறங்குச்சு. சதை தளந்துச்சு. வலி நெசமாவே கொறஞ்சுச்சு. ரெண்டும் உங்க ஒடம்புல நடந்ததுதான்."

அவர் இடது கையால் துண்டின் முடிச்சைத் தடவினார். பிறகு தலையைத் தூக்கினார்.

"அப்ப அந்த எண்ணெய்ல?"

மும்தாஜ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலை நான் இன்னும் மறக்கவில்லை.

"நீங்க நெனைக்கற மருந்து அதுல இல்ல பாய். நாரு அதால ஒட்டல. ஆனா தெனமும் அர மணி நேரம் நீங்க பயப்படாம அந்தக் கைய இவங்க கையில குடுத்தீங்க. அறுந்துடும்னு நெனைக்காம வெரல விரிச்சீங்க, மடக்குனீங்க. அது மருந்துதான். அதுக்கு வில்லியனூர் போக வேண்டாம். சமைக்கற எண்ணெ போதும்."

மும்தாஜ் கண்ணை மூடிக்கொண்டார். காரியம் கெட்டது என்று நினைத்திருப்பார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

காதர் பாய் வேறு ஒன்று கேட்டார்.

"அப்ப நீங்க வெப்பீங்களே, அந்த மிஷினு. ஜில்லுன்னு ஒண்ண தடவி. அதுவும் இந்த எண்ணெ மாதிரிதானா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. சுற்றி வளைத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியவில்லை.

"பாதி அப்படித்தான் பாய்," என்றேன். "பாதிக்கு மேலயேகூட இருக்கலாம்."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க. நோன்பில் வறண்டிருந்த தொண்டையில் இருமல் வந்துவிட்டது. "கேட்டியாடி," என்றார் மனைவியிடம். "பாதி எண்ணெயாம்." மும்தாஜுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"மருந்து இல்லன்னு தெரிஞ்சே தேய்க்கச் சொல்றீங்களா?"

"தெரிஞ்சேதான்."

மும்தாஜ் உள்ளே போய்க் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தார். துண்டை அவிழ்த்துக் கையை மடியில் வாங்கிக்கொண்டார். நான் அற்புதம் எதுவும் சொல்லப்போவதில்லை. அன்றைக்குக் கை சரியாக விரியவில்லை. பாதியில் வலித்து நிறுத்தினார். ஆனால் கையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. நோன்பு திறக்கிற நேரத்தில் மும்தாஜ் வழக்கம்போல ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவர் வாய்க்கிட்ட கொண்டு போனார். "இரு" என்று சொல்லி வலது கையை நீட்டி அதை வாங்கினார். வாய் வரைக்கும் கொண்டு போவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தினார். நெற்றியில் வியர்வை. நாங்கள் இரண்டு பேரும் வேறு எங்கோ பார்த்தபடி இருந்தோம்.

அதற்கப்புறம் முன்னேற்றம் பச்சை எண்ணெய்க் காலத்தை விட மெதுவாகத்தான் வந்தது. நம்பிக்கை தருகிற வேகம் உண்மைக்கு இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. வலி திரும்பி வந்த நாட்களில் அவர் துண்டை எடுக்கவில்லை. "இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தி மேடம்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சியைச் செய்தார். முன்னால் வலி வந்தால் அது அவருக்கு ஒரு தீர்ப்பு. இப்போது வலி மட்டும்தான்.

பிரபு அவரை மறுபடியும் கிளினிக்கில் பார்த்த அன்றே எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டான். காதர் பாய் அவன் தோளில் கை வைத்தார், வலது கையைத்தான்.

"நீ சொன்னது பொய் இல்ல தம்பி," என்றார். "சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்ட பாரு. அதுதான்."

இதைவிடச் சரியாக அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மனசைப் பற்றிப் பேசுவது தப்பே இல்லை. பேசாமல் இருந்தால்தான் பாதி வைத்தியம் விட்டுப்போகும். ஆனால் பேசிவிட்டு அவரை அந்த வார்த்தையோடு தனியாக விட்டுவிடக் கூடாது. அதற்கு நேரம் இல்லை என்றால் நேரம் கிடைக்கிற அன்றைக்குச் சொல்லுங்கள்.

பெருநாள் கழித்து ஹோட்டல் திறந்தது. காதர் பாய் கல்லுக்கிட்ட நின்றார். முழு நாளும் இல்லை. விழுப்புரத்து மாஸ்டரையும் முதலாளி அனுப்பவில்லை, இரண்டு பேரும் மாற்றி மாற்றி நிற்கட்டும் என்றார். அவருக்கு அவர் கணக்கு. மாவு பிசைகிற மேடை காதர் பாயின் உயரத்துக்குத் தாழ்வாக இருந்தது. அதைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். அதுவும் உதவியது. எது உதவியது என்று நீங்கள் என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நோன்பு மாசத்து ஓய்வா, பயிற்சியா, நல்லெண்ணெயா, மும்தாஜின் கையா, வெறும் காலமா? இந்த வலி தானாகவே போய்விடுவதும் உண்டு. நம்மால்தான் போனது என்று நினைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்தை ரொம்ப நம்ப வேண்டாம்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னொன்றும் இருக்கிறது.

மழைக்காலம் தொடங்கிய சமயம் மும்தாஜ் படியேறி வந்தார். காதர் பாயைப் பற்றி ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் தன் வலது கையை நீட்டினார். கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம் லேசாக வீங்கியிருந்தது. பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை. எனக்கு அன்றைக்கு வேறு ஒருவர் காத்திருந்ததால் பிரபுவைப் பார்க்கச் சொன்னேன். நடுவில் ஒரு திரைதான். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது.

"எப்பலேர்ந்துக்கா?"

"அவங்க மறுபடியும் வேலைக்குப் போன மறுநாள்லேர்ந்து தம்பி."

"அதுக்கு முன்னாடி வலிக்கலயா?"

"இருந்திருக்கும்," என்றார். "தெரியல. கஞ்சி காச்சணும், ஊட்டணும், தேய்க்கணும். அவங்க மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். என் கைய எங்க பாக்கறது? அவங்க கடைக்குப் போனாங்க. வீட்டுல யாரும் இல்ல. உக்காந்தேன். அப்பதான் வலிக்க ஆரம்பிச்சிச்சு."

பிறகு அவர் குரல் தாழ்ந்து வந்தது.

"இதுவும் மனசுதானா தம்பி?"

என் கையில் இருந்த வேலை அப்படியே நின்றது. திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. போய் நிற்கலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பிரபு உட்கார்ந்திருக்கிறான்.

"மொதல்ல கைய பாக்கறேன்க்கா," என்றான். "முழுசா பாத்துடறேன். அப்பறம் நீங்க சொல்லுங்க. அந்த நாளெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்லுங்க. நான் எங்கயும் போகல."

அவர் பேச ஆரம்பித்தார். முதலில் ஒன்றிரண்டு வார்த்தை. அப்புறம் நிறுத்தவே இல்லை. நடுவில் ஒரு தடவை அழுதார் என்று நினைக்கிறேன், அல்லது சிரித்தார். பிரபு மிஷினைப் போடுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை.

வெளியே பெஞ்சில் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். தோள் வலிக்கு வந்த ஒரு பென்ஷன்காரப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து வந்து, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

"கொஞ்சம் ஆகும் ஐயா. உக்காருங்க," என்றேன். "உள்ள ஒருத்தங்க பேசிக்கிட்டிருக்காங்க."